கடைசி பட்டனை அமுக்காதவர்

கம்ப்யூட்டர் மையம் நடத்திக்கொண்டு, ஒரு ஃபார்மைக்கூடத் தன் கையால் அனுப்பாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில், ஒரு பெயின்ட் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் இருக்கிறார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க வேண்டிய அறை அது. அவருடைய பெயர் அவருடைய ஆதார் அட்டைக்குத் தெரிந்திருக்கும். கரமனையிலிருந்து பழவங்காடி வரை எங்கள் எல்லோருக்கும் அவர் சப்மிட் அண்ணாச்சி.

ரேஷன் கார்டு, வீட்டு வரி, பென்ஷன், கரண்ட் இணைப்பு, பள்ளிக்கூட அட்மிஷன் என்று எதை எடுத்துக்கொண்டு போனாலும் நிரப்பித் தருவார். இரண்டே விரலால் தட்டுவார். ஆனால் அந்த இரண்டு விரல்களும் தவில் வாசிக்கிற மாதிரி ஓடும். நிரப்பி முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பார். உரக்க என்றால், பக்கத்துக் கடையில் கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருப்பவர் எண்ணிக்கையை மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அளவுக்கு. அப்புறம் மௌஸை நம் பக்கம் நகர்த்திவிட்டு, யாரோ துப்பாக்கியை நீட்டிவிட்டதுபோல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார்.

"சப்மிட் உங்க கையால!"

அந்தக் கடைசி பட்டனை அவர் அமுக்கி யாரும் பார்த்ததில்லை.

இதனால் கரமனைத் தெருக்களில் பல ரகசியங்கள் காலமாகிவிட்டன. எங்கள் தெரு மாமி ஒருத்தி தன் வயதைப் பல வருடங்களாக ஒரே இடத்தில் கட்டிவைத்திருந்தாள். அண்ணாச்சி ஃபார்மை வாசித்தார், நிறுத்தினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மாமி, நீங்க சொல்லுத வருஷந்தான் பிறந்தீங்கன்னா, உங்க மூத்த பையன் பிறக்கும்போது உங்களுக்கு ஒம்போது வயசு. பாத்துக்கிடுங்க." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பெயின்ட் கடை விளம்பரத்தை வெகு சிரத்தையாகப் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் பென்ஷனுக்காக, உயிரோடிருக்கிறார் என்ற சான்றுக்குப் போனார். அண்ணாச்சி வாசித்தார்: "விண்ணப்பதாரர் உயிருடன் இருக்கிறார். ஆமா, இல்லை. எது சார்?"

"எதிர்த்தாப்ல உக்காந்திண்டிருக்கேன், கண்ணு தெரியலையா ஓய்?"

"எனக்குத் தெரியுது சார். ஃபார்முக்குத் தெரியணும்லா? வாயத் திறந்து சொல்லுங்க."

"இருக்கேன்!" என்று ஹெட்மாஸ்டர் கத்திய கத்தல் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு வருடமும் அறைக்குள் நுழையும்போதே "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டுதான் நுழைவார்.

இன்னொருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இரண்டு கையிலும் மாவுக்கட்டுடன் வந்தார். இப்போதாவது அண்ணாச்சி இளகுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அண்ணாச்சி கீபோர்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் மூக்கால் அமுக்கினார். அந்த விண்ணப்பமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி நிரப்பிய ஒரு ஃபார்ம்கூடத் திரும்பி வந்ததில்லை என்பதுதான் மானம் போனாலும் நாங்கள் அங்கேயே போய் நின்றதற்குக் காரணம்.

சிரிக்கச் சிரிக்க எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியாது போலிருக்கிறது. அவரைப் பற்றி எழுதுவதென்றால், இருபது வருடத்தில் நான் அவரிடம் போகாத ஒரே ஒரு நாளைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

என் கணவருக்குக் கொச்சியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியற்காலை ரயிலைப் பிடிப்பார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் என் ஒரே மகள் மைதிலியும்தான். அவள் பிளஸ் டூ முடித்ததும், பல கல்லூரிகளுக்குச் சேர்த்து விண்ணப்பிக்கும் ஓர் இணையதளத்தில் தன் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தாள். முதல் விருப்பம், வடக்கே ரயிலில் ஒரு முழுப் பகல் தூரத்தில் ஒரு டிசைன் படிப்பு. முதல் சுற்றில் அது கிடைக்கவில்லை. ஊருக்குள்ளேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு கிடைத்தது. அடுத்த சுற்றில் முதல் விருப்பமே கிடைக்கலாம், காத்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்த இடத்தை ஏற்கிறோம் என்று குறிப்பிட்ட நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

அந்தக் கடைசி நாளன்று மைதிலி ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தாள். காலையில் போன் செய்தாள். "அம்மா, சீட்டை அக்செப்ட் மட்டும் பண்ணிடு. மேல இருக்கற ஆப்ஷனைத் தொட்டுடாதே, கேட்டயா? நீ அண்ணாச்சிகிட்ட போயிடு. அவர் பாத்துப்பார்."

நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து என் போனிலேயே செய்தேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பட்டன் இருந்தது: "உறுதி செய்க." அதன் கீழே, இடத்தை ஏற்றுக்கொண்டு காத்திருக்கிறவர்களுக்காக, வெளிறிய சாம்பல் நிறத்தில் இன்னொன்று. நான் பச்சையை அமுக்கினேன். அது இருக்கிற இடத்தை உறுதி செய்து, மேலே இருந்த விருப்பங்களை எல்லாம் அழித்துவிடுகிற பட்டன். மைதிலியின் வடக்கு அன்றைக்கு மத்தியானம் அழிந்தது. அடுத்த சுற்றில், அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கிய அவள் சிநேகிதிக்கு அந்த இடம் கிடைத்தது.

"தெரியாம அமுக்கிட்டேன்டீ" என்று நான் அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். ஊர்க் கல்லூரியில் சேர்ந்தாள். அதற்கப்புறம் வீட்டில் அவள் பேசியதெல்லாம் "ம்", "சாப்பிட்டாச்சு", "சார்ஜர் எங்கே?" ஆறு மாதம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஊர் எல்லையில் இருக்கிற கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி மாடியில் ஏதோ மாநாடு என்று கிளம்பிப் போனாள். அவள் கல்லூரிப் பிள்ளைகளும் அதை நடத்துவதில் சேர்ந்திருந்தார்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் வருகிற பக்கங்களை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று யோசித்து வடிவமைக்கிற தொழில் ஒன்று இருக்கிறதாம். அந்தத் தொழில்காரர்கள் கூடுகிற இடம். கட்டித் தந்த தயிர்சாத டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறந்து என்று நான் சொல்லிக்கொண்டேன். டப்பா செருப்புக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் கணவரும் வேலை என்று கொச்சியிலேயே தங்கிவிட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதாக உத்தேசம். மாடியில் ஒரு தாடிக்காரப் பையன் என் பெயரைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி என் புடவைத் தலைப்பில் ஒட்டிவிட்டான்.

"நான் டப்பா குடுக்க வந்தேன்பா."

"சாரமில்ல, பரவால்ல ஆன்டி. இவிடெ ஆடியன்ஸ் கிடையாது. உள்ள வந்தா எல்லாரும் பார்ட்டிசிபன்ட். ஏதாவது சப்ஜெக்ட் இருந்தா எழுதி சுவத்துல ஒட்டுங்கோ."

அந்த மாதிரி ஒரு மாநாட்டை நான் பார்த்ததில்லை. மேடை இல்லை, தலைமையுரை இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு பெரிய சுவரில் கட்டம் போட்டு, நேரமும் அறையும் எழுதியிருந்தார்கள். பேச விரும்புகிறவர் தலைப்பை மஞ்சள் சீட்டில் எழுதி ஒரு கட்டத்தில் ஒட்ட வேண்டியது. கேட்க விரும்புகிறவர் அந்த அறைக்குப் போக வேண்டியது. ஒரு சட்டம் மட்டும் உண்டு. ஒரு பேச்சில் உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், உன் இரண்டு கால்களால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடலாம். யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவருக்கு முன்னால், மூன்று பேனா சொருகிய வெள்ளைச் சட்டையும், கையில் தன் கடைப் பலகையுமாக அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். "வாசித்துக் கேட்ட பிறகே அமுக்கவும்" என்று எழுதிய அதே பலகை. பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி! நீங்க எங்கே இங்கே?"

"போஸ்டர் எங்கிட்டதான் பிரின்ட் எடுத்தாங்க மாமி. யார் வேண்டுமானாலும் வரலாம்னு போட்டிருக்கு. வாசிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். யார் வேண்டுமானாலும்னா அதுல நானும் உண்டுல்லா?"

அழைப்பிதழை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்புகிற மனிதர் அவர் ஒருவர்தான். ஒரு சீட்டு போதாது என்று நாலு சீட்டை ஒட்டவைத்து, தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் "கடைசி பட்டன்" என்று எழுதினார். சாப்பாட்டுக்கு அப்புறம் இருந்த கட்டத்தில் ஒட்டினார். தூக்கம் வருகிற நேரம் என்று யாரும் தொடாமல் விட்டுவைத்திருந்த கட்டம் அது.

மைதிலி கழுத்தில் அட்டையும் கையில் மணியுமாக, நேரம் முடிந்தால் மணி அடிக்கிற வேலையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிற்று. "நீ ஏம்மா வந்தே?"

"டப்பாவை மறந்துட்டயே."

"ம்" என்று வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். திரும்பிப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

காலைப் பேச்சுகளில் அண்ணாச்சி அந்த இரண்டு கால் சட்டத்தை முழுமையாக அனுபவித்தார். டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி ஓர் அறைக்குள் ஏறி இன்னோர் அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். ஓர் அறையில், பஸ் நேரம் பார்க்கிற ஆப் ஒன்றைத் தயாரித்திருந்த பெண் அதைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். இளம் ஊதா நிறப் பின்னணியில் சாம்பல் எழுத்து. பார்க்கப் பட்டுப்புடவை மாதிரி இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அண்ணாச்சி கை தூக்கினார். "மோளே, இத எங்க நின்னு பாப்பாங்க?"

"பஸ் ஸ்டாப்ல, அங்கிள்."

"அப்ப வாங்க."

உச்சி வெயில். அறையிலிருந்த இருபது பேரையும் ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினார். இருபது பேரும் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கமாக வந்த ஒரு நிஜ பஸ், இத்தனை கூட்டத்தைப் பார்த்து நின்றுகூட விட்டது.

"என்ன தெரியுது?" என்று அண்ணாச்சி கேட்டார்.

தாடிக்காரப் பையன் நேர்மையாகச் சொன்னான். "என் தாடி தெரியறது."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து எழுத்தைக் கறுப்பாக மாற்ற ஆரம்பித்தாள். அண்ணாச்சி தன் பலகையால் அவளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்குள் செய்தி எல்லா அறைகளுக்கும் போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய அறையில் நாற்காலி போதவில்லை. ஜன்னல் திட்டில்கூட ஆட்கள். எனக்கு மட்டும் முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். மைதிலி மணியோடு கதவோரம் நின்றாள்.

"நான் ஏன் கடைசி பட்டனை அமுக்குததில்லைன்னு எல்லாரும் கேப்பாங்க" என்று ஆரம்பித்தார். கடையில் கேட்கிற அதே குரல். "கடை போட்ட புதுசுல ஒரு நர்ஸ் பொண்ணு வந்துது. வெளிநாட்டு வேலைக்கு ஃபார்ம். எல்லாம் நிரப்பியாச்சு. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு வெளிய போச்சு. கூட்டமான கூட்டம். நேரம் மிச்சம்னு நானே அமுக்கிட்டேன். திரும்பி வந்து, 'அண்ணாச்சி, வேண்டாம்னு தோணுது, அழிச்சிருங்க'ங்குது. அழிக்க வழியில்ல. அவ்வளவு தூரம் போயிட்டு வேண்டாம்னு சொல்ல முடியாம, அந்தப் பொண்ணு போயிட்டுது."

"ஐயோ" என்றாள் பஸ் ஆப் பெண். "கஷ்டப்பட்டாளா?"

"இல்ல மோளே, நல்லா இருக்கு. வீடு கட்டியாச்சு. வருஷா வருஷம் வந்து எனக்குச் சாக்லெட் தரும். எனக்கு அது தொண்டையில இறங்காது. நல்லா இருக்கறது வேற. அந்த பட்டனை அந்தப் பொண்ணு அமுக்கலைலா?"

அண்ணாச்சிக்கு அமைதி பிடிக்காது. "செரி, சோகம் போதும். தப்பா அமுக்கினவங்க சொல்லுங்க!" என்று கையைத் தட்டினார்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் இந்த மாதத்துக்குப் பதில் அடுத்த மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார். ஒருத்தி காதலனைத் திட்டி எழுதியதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். பெரியப்பா மட்டும் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டாராம். அறை குலுங்கிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவோரத்திலிருந்து மைதிலியின் குரல் வந்தது. "எங்கம்மா ஒண்ணு அமுக்கினா. அவளே சொல்லட்டும்."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. பார்வையாளர் என்று யாரும் இல்லாத இடம். சொன்னேன். ஆறு மாதமாக எல்லோரிடமும் சொன்ன அதே கதை. பச்சை பட்டன், சாம்பல் பட்டன், நான் ஒன்றும் அறியாத அம்மா.

அறைக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர்களுக்கு இது விருந்து. தாடிக்காரப் பையன் என்னிடம் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தை அறையிலிருந்த வெள்ளைப் பலகையில் வரைந்தான். வெளியே வேறு அறைகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து, "இந்த சீட்டை வச்சுக்கணும், மத்த ஆப்ஷனும் இருக்கணும், எதை அமுக்குவீங்க?" என்று கேட்டார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பச்சையைத்தான் தொட்டார்கள். ஒவ்வொரு பச்சைக்கும் கைதட்டல்.

"ஆன்டி" என்று தாடிக்காரன் தீர்ப்புச் சொன்னான். "இது உங்க தப்பே அல்ல. எங்க தொழில்ல முதல் பாடமே அதாக்கும். யூஸரைக் குத்தம் சொல்லவே கூடாது. தப்பு முழுக்க அந்த டிசைனோடதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆறு மாதமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கியது மாதிரி இருந்தது எனக்கு. சாட்சிகளோடு விடுதலை. மைதிலியைப் பார்த்தேன். அவள் மணியைக் கதவோரத்து நாற்காலியில் சத்தமில்லாமல் வைத்தாள். வெளியே போனாள். அன்று முழுவதும் அண்ணாச்சியின் அறையிலிருந்து இரண்டு கால் சட்டத்தைப் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான்.

அண்ணாச்சி பலகைக்குப் போனார். பச்சை பட்டனுக்குக் கீழே இன்னொரு சின்னக் கட்டம் வரைந்தார். "இந்த சைட்ல இத அமுக்கினதும் இன்னொண்ணு வருமே. இந்த சீசன்ல எத்தனை பிள்ளைகளுக்கு நிரப்பியிருக்கேன், எனக்குத் தெரியாதா? கறுப்பு எழுத்துல, பெருசா வரும். உங்கள் மற்ற விருப்பங்கள் அனைத்தும்..."

வழக்கம்போல உரக்கத்தான் வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. பேனாவை மூடினார். வரைந்த கட்டத்தை உள்ளங்கையால் அழித்தார்.

"டீ வந்தாச்சு! பழம்பொரியும் உண்டு. ஓடுங்க, ஓடுங்க!"

டீ வந்திருக்கவில்லை. ஆனால் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி என்று சொன்னால் இந்த ஊரில் எந்தக் கூட்டமும் கலையும். அறையில் நானும் அவரும் மிஞ்சினோம். அவர் நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார்.

"மாமி." அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தால்கூடக் கேட்டிருக்காது. "ஒரு கேஸ் சிலிண்டர் புக்கிங்குக்குக்கூட எங்கிட்டதான் வருவீங்க. அன்னிக்கு ஏன் வரலை?"

மழை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று மழை இல்லை. கூட்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இருபது வருடமாக அந்தக் கூட்டத்தில் நின்றவள் நான்.

அவரிடம் போயிருந்தால் வாசித்திருப்பார். உங்கள் மற்ற விருப்பங்கள் அனைத்தும் நீக்கப்படும், மீண்டும் பெற முடியாது, சம்மதமா? சாலை முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு என் விரலைப் பார்த்திருப்பார். அதனால்தான் போகவில்லை போலிருக்கிறது. பச்சை பட்டனை நான் தெரியாமல் அமுக்கியது உண்மை. அதற்கப்புறம் வந்த கேள்வியை வாசித்தேன். ஒருமுறை அல்ல, இரண்டு முறை வாசித்தேன். கறுப்பு எழுத்து, வெயிலில்கூடத் தெரிகிற எழுத்து. வாசித்துவிட்டு, "ஆம்" என்பதை அமுக்கினேன். பச்சையில்கூடக் கை தவறட்டும் என்று காலையிலிருந்தே காத்திருந்தேனோ என்னவோ, அது எனக்கே தெரியவில்லை. அவள் வடக்கே போய்விட்டால் வீட்டில் நான் யாருக்குத் தயிர்சாதம் கட்டுவது?

அண்ணாச்சியிடம் இத்தனையும் சொல்லவில்லை. "நீங்க கொஞ்சம் அவகிட்ட சொல்லுங்கோளேன், அண்ணாச்சி" என்றேன். "நீங்க சொன்னா அவ கேப்பா."

அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"ஃபார்ம் நான் நிரப்பித் தாரேன் மாமி. சப்மிட் உங்க கையால."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் விளையாடவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு மஞ்சள் சீட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"விண்ணப்பம் யாருக்கு?"

"மைதிலிக்கு."

"விண்ணப்பதாரர் உறவு?"

"அண்ணாச்சி, போதும்..."

"உறவு, மாமி."

"அம்மா."

"விஷயம்?"

"ரெண்டாவது கேள்வியை நான் வாசிச்சேன். வாசிச்சுட்டுதான் அமுக்கினேன்."

எழுதினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஹெட்மாஸ்டரை உயிரோடிருப்பதாக எழுதிக்கொண்ட அதே முகம்.

"காரணம்?"

அவர் பேனாவைச் சீட்டின் மேல் வைத்தபடி காத்திருந்தார். அவர் அவசரப்படுத்தியிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"பயம்" என்றேன்.

"பயம்" என்று எழுதினார். "எதுக்குப் பயம்னு எழுத இதுல இடமில்ல. ஒரு வரிதான்." அப்புறம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எனக்கு வாசித்துக் காட்டினார். முணுமுணுப்பாக. சீட்டை என் உள்ளங்கையில் ஒட்டினார்.

மைதிலி மாடிப்படியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சீட்டை நீட்டினேன். வாசித்தாள். வெகுநேரம் வாசித்தாள், நாலே வரியை.

"இது அண்ணாச்சி எழுத்தாச்சே."

"விஷயம் என்னோடது."

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. அந்த சைட்டை எனக்குத் தெரியாதா? ரெண்டாவது கேள்வியை எப்படித் தெரியாம அமுக்க முடியும்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நீ அமுக்கினதுகூட இல்லம்மா. தெரியாம அமுக்கிட்டேன்னு நீ அழுதே. நான் ராத்திரி பூரா உன்னை சமாதானப்படுத்தினேன். என் சீட்டும் போச்சு, உன்னை நான் தேத்தவும் வேண்டியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கலை."

எழுதுகிற இந்த நிமிஷமும் அந்தப் படிக்கட்டு எனக்குள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"உப்புப் போட மறந்துட்டே."

சாப்பிட்டுப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு பேரும் உப்பில்லாத தயிர்சாதத்தை முழுக்கச் சாப்பிட்டு முடித்தோம். மேலே, யார் நேரமும் முடியாத ஒரு வேளையில், அண்ணாச்சி அந்த மணியை எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். "ஒரு சந்தேகம், இது எதுக்கு அடிக்குதது?" என்று அவர் கேட்பது கீழே கேட்டது.

கோடைக்காலத்தில் மைதிலி அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பித்தாள். ஒரு வருடம் போனது போனதுதான். இந்தத் தடவை சாலையில், அண்ணாச்சி அறையில். நான் மூன்றாவது ஆளாக மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். விருப்பங்களை ஒன்று விடாமல் சாலைக்கே அறிவித்தார். அனுப்பினால் மாற்ற முடியாது, சம்மதமா என்று இரண்டாவது கேள்வி வந்தபோது அதையும் வாசித்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டார். மைதிலி அமுக்கினாள். கயிற்றுக் கடைக்காரர் "கிட்டும் மோளே, கிட்டும்" என்று அங்கிருந்தே ஆசீர்வாதம் செய்தார். கிடைத்தது.

அவள் போய் இரண்டு மாதமாகிறது. தினமும் கூப்பிடுகிறாள். "ம்" என்பதைத் தவிர மற்ற எல்லாம் பேசுகிறாள். கதவைப் பூட்டினேனா என்று ராத்திரி மூன்று தடவை எழுந்து பார்க்கிற பழக்கம் எனக்குப் புதிதாக வந்திருக்கிறது. சின்னச் சின்ன ஃபார்ம்களைத் தேடிக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு சாலைக்குப் போகிற பழக்கமும்.

போன வாரம் குடிநீர் இணைப்புக்கு ஒன்று. அண்ணாச்சி நிரப்பிக்கொண்டே வந்து கேட்டார். "வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை?"

கணவர் கொச்சியில். மகள் வடக்கே. பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர். "ஒண்ணுன்னு..." என்று இழுத்தேன்.

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"மூணு மாமி. வெளியூர்ல இருக்கறவங்களையும் சேத்துதான் கேக்குது" என்றார். அப்புறம் கயிற்றுக் கடைக்குக் கேட்கும்படி வாசித்தார்: "வீட்டில் உள்ளோர், மூணு!" மௌஸை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டார்.

அந்த ஃபார்ம் அப்படித்தான் கேட்டதா என்று நான் திரையைப் பார்க்கவில்லை. அமுக்கிவிட்டேன்.